பெட்டியில் இடம்பெறாத படை

வரலாற்றை எழுதுவோர் எழுதுகோல் ஏந்தியவர் மட்டுமே என்று நாம் எண்ணி வருகிறோம். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலை என்று சான்றுகளை வரிசைப்படுத்தும் அறிஞர், குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டியை அவ்வரிசையில் சேர்ப்பதில்லை. ஆயினும் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளாக மேலைநாட்டுப் பிள்ளைகள் பலர் போர் வரலாற்றின் முதற்பாடத்தை வீட்டுத் தரையிலேதான் கற்றனர். அப்பாடத்தைப் புகட்டிய ஆசான்கள், விரலளவே உயரங்கொண்ட பொம்மைச் சிப்பாய்கள். முதலில் வெள்ளீயத்திலும், பின்னர் காரீயத்திலும், இறுதியாகப் பிளாஸ்டிக்கிலும் அவர்கள் வார்க்கப்பட்டனர்.

அப்பொம்மைகளை வளர்ந்து முதிர்ந்த பின்னும் விடாது சேகரிப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். உரோமப் பேரரசின் படை முதல் இரண்டாம் உலகப் போரின் படைகள் வரை நிலைப்பேழைகளில் அணிவகுத்து வைத்திருக்கும் இவர்களைக் கண்டு, பிள்ளைமை நீங்காதவர் என நகைப்போரும் உண்டு. அந்நகைப்பு பொருந்தாது. பழைய பொம்மைச் சிப்பாய் ஒருவனைக் கையிலெடுத்து ஆராய்வோர்க்கு இரண்டு வரலாறுகள் கிட்டுகின்றன. ஒன்று, அவன் ஈடுபட்ட போரின் வரலாறு. மற்றொன்று, அவனை வார்த்தவர்கள் அப்போரை எவ்வாறு நினைவிற்கொள்ள விரும்பினர் என்னும் வரலாறு. பெட்டியில் எப்படை இருக்கிறது, எப்படை இல்லை என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கும்போது இவ்விரண்டாம் வரலாறு துலங்கத் தொடங்குகிறது. அதனை ஒருவாறு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூரெம்பர்க் நகரின் வெள்ளீயப் படை

சிறு உருவங்களில் படை சமைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டின் அஸ்யூத் நகரில், மெசேத்தி என்னும் ஆட்சித் தலைவனின் கல்லறையிலிருந்து நாற்பது எகிப்திய ஈட்டி வீரரும் நாற்பது நூபிய வில்லாளரும் மர உருவங்களாகக் கிடைத்தனர். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வுருவங்கள் கெய்ரோ அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அவை விளையாடச் செய்தவை அல்ல; இறந்தவனுக்குத் துணையாக வைக்கப்பட்டவை. ஆயினும் ஒரு செய்தி கருதத்தக்கது. தன் நாட்டு வீரர் நாற்பதின்மர் என்றால், தனக்காக வில்லேந்திய அயல்நாட்டாரும் நாற்பதின்மர் என்றே அம்மன்னவன் கணக்கிட்டான். பிற்காலத்துப் பெட்டிகளில் இத்தகைய நேர்மையை எளிதிற் காண இயலாது.

விளையாட்டுப் பொருளாகப் பொம்மைச் சிப்பாய் பெருவழக்குப் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டில், ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில். வெள்ளீயப் பாத்திரங்கள் செய்வதில் பேர்பெற்ற அந்நகரத்தில், யோஹான் காட்ஃபிரீட் ஹில்பெர்ட் என்னும் கைவினைஞர் 1770-களில் தட்டையான வீரர் உருவங்களை வார்த்து விற்றார். அக்காலத்தில் ஐரோப்பாவே வியந்து பேசிய பிரஷ்ய மன்னர் மகா ஃபிரெடரிக்கின் உருவமும் அவற்றுள் ஒன்று. இரண்டு கற்பலகைகளில் உருவத்தின் இருபக்கங்களையும் எதிர்மறையாகச் செதுக்கி, அவற்றை ஒன்றாகப் பொருத்தி, இடையே உருக்கிய உலோகத்தை ஊற்றினால் காகிதம்போல் மெல்லிய வீரன் ஒருவன் பிறப்பான். வண்ணந்தீட்டி, மெல்லிய மரச்சிம்புப் பெட்டிகளில் அடுக்கி, எடைக் கணக்கில் அவர்கள் விற்கப்பட்டனர்.

1839-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சென், வீரனின் உயரம் முப்பது மில்லிமீட்டர் என்னும் அளவை நிலைநாட்டினார். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால், வெவ்வேறு பட்டறைகளில் பிறந்த வீரர்கள் ஒரே களத்தில் ஒத்த உயரத்தோடு நிற்க வழி செய்தது இந்த அளவுதான். சேகரித்தல் என்னும் கலைக்கு அதுவே அடித்தளமாயிற்று. பவேரியாவின் குல்ம்பாக் நகரக் கோட்டையிலுள்ள வெள்ளீய உருவ அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் உருவங்கள் உள்ளன என்றால், அம்மரபு எத்துணைத் தழைத்தது என்பதை உய்த்துணரலாம்.

இப்பொம்மைகள் பிள்ளைகளின் உள்ளத்தில் என்ன செய்தன என்பதற்கு இலக்கிய வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1826-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் பாதிரியார் பேட்ரிக் பிரான்டே, தம் மகன் பிரான்வெலுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். சகோதரி சார்லட் ஒன்றை எடுத்து அதற்கு வெலிங்டன் பிரபு எனப் பெயரிட்டாள். பிரான்வெல் தன்னுடையதற்குப் போனபார்ட் எனப் பெயரிட்டான். அவ்விளையாட்டிலிருந்து கற்பனை அரசுகள் எழுந்தன. உள்ளங்கையிலடங்கும் சின்னஞ்சிறு கையெழுத்து ஏடுகள் பிறந்தன. பிரான்டே சகோதரிகளின் புதினங்களுக்கு அவையே முன்னோட்டமாயின. பெயர் பெற்ற பொம்மைகள் இரண்டும் பதினோராண்டுகளுக்கு முன்னர் வாட்டர்லூக் களத்தில் எதிரெதிர் நின்ற இருவரைக் குறித்தவை என்பதை வாசகர்கள் அறிவர். அக்களம் பொம்மை உருவில் மீண்டும் எழுந்தபோதுதான், பெட்டியில் எவர்க்கு இடம் என்னும் வினா முதன்முறையாகப் பெரும் பூசலாக வெடித்தது.

நாற்பதாயிரம் பேர் மறைந்த கதை

1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்தார். வெலிங்டனின் தலைமையில் நின்ற ஏறத்தாழ 68,000 பேரில் பிரிட்டிஷார் பாதிக்கும் குறைவே. டச்சுக்காரர், பெல்ஜியர், ஹனோவரியர், நாசாவியர், பிரன்ஸ்விக்கர் ஆகியோரே எஞ்சியவர். அன்றியும், பிற்பகலில் தொடங்கி முதிய தளபதி புளூக்கரின் பிரஷ்யப் படைகள் பல்லாயிரக்கணக்கில் நெப்போலியனின் வலப்புறத்தைத் தாக்கின. போரின் முடிவில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. எனினும் இங்கிலாந்து மக்கள் அதனைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினர்.

1830-ஆம் ஆண்டில் வில்லியம் சைபோர்ன் என்னும் இளநிலை அதிகாரி, அப்போர்க்களத்தை நுணுக்கமான மாதிரியாகச் செய்யும் பணியை மேலிடத்து ஆணையின்பேரில் ஏற்றார். அவர் போரில் பங்கு கொண்டவரல்லர். ஆதலின் சான்றுகளையே நம்பினார். களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாண்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி, மேடு, பள்ளம், வேலி, வயல் அனைத்தையும் அளந்தார். பின்னர், உயிருடனிருந்த அதிகாரிகளுக்கு மடல்கள் விடுத்து, மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, எதிரே எவர் நின்றனர், வயலில் என்ன விளைந்திருந்தது எனக் கேட்டார். நூற்றுக்கணக்கில் வந்த மறுமொழிகள் இன்றும் வாட்டர்லூ ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. பொம்மைக் களம் ஒன்றை அமைக்க முனைந்தவர், போரில் நின்றோரின் வாய்மொழிகளைத் திரட்டி வைத்த வரலாற்றாசிரியராக உயர்ந்தார்.

அரசு 1833-இல் பொருளுதவியை நிறுத்திவிட்டது. சைபோர்ன் கடன்பட்டுப் பணியைத் தொடர்ந்து 1838-இல் முடித்தார். ஏறத்தாழ 3,000 பவுன் செலவாயிற்று. அறை முழுவதையும் அடைக்கும் அம்மாதிரியில் 70,000-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக வீரர்கள் நின்றனர். இலண்டன் எகிப்திய மாளிகையில் அதனைக் காண ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் கட்டணம் செலுத்தி வந்தனர்.

பூசல் எழுந்தது பிரஷ்யர்களைப் பற்றி. தாம் திரட்டிய சான்றுகளின்படி, மாலை ஏழு மணிக்குப் பிரஷ்யப் படை களத்தில் ஆழ ஊடுருவி நின்றதாக சைபோர்ன் காட்டியிருந்தார். இது வெலிங்டனுக்கு உவப்பாயில்லை. அவ்வளவு பிரஷ்யரை அங்கே நிறுத்தினால் வெற்றி எவருடையது என்பதில் காண்போர்க்குத் தவறான எண்ணம் தோன்றும் என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. முடிவில் 40,000 பிரஷ்யரைக் குறித்த உருவங்கள் மாதிரியிலிருந்து அகற்றப்பட்டன. புதிய சான்றுகள் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக சைபோர்ன் கூறினார். அதிகாரத்தின் அழுத்தமே காரணம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரும், சான்றின் வலிமையே காரணம் என்று வேறு சிலரும் இன்றளவும் வாதிடுகின்றனர்.

வாதம் எவ்வாறு முடிந்தாலும் ஓர் உண்மை மாறாது. ஒரு நாட்டின் படையில் பெரும் பகுதி, குண்டு ஒன்றும் பாயாமலேயே, விரல் நுனிகளால் களத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1844-இல் அப்போரைப் பற்றி விரிவான நூல் ஒன்றையும் வெளியிட்ட சைபோர்ன், 1849-இல் மறைந்தார். அவர் செய்த மாதிரி இலண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று.

பீரங்கி எவர்க்கு?

சைபோர்னின் மாதிரியில் ஒரு தளபதி தலையிட்டார். வீட்டுத் தரையிலோ விதி வகுப்பவன் பெட்டிக்கு உரியவனாகிய சிறுவனே. வின்ஸ்டன் சர்ச்சில் தம் இளமைக் காலத்தை நினைவுகூர்ந்து 1930-இல் வெளியிட்ட நூலில், தம்மிடம் ஏறத்தாழ 1,500 பொம்மைச் சிப்பாய்கள் இருந்தனர் என்றும், அவர்கள் அனைவரும் ஒரே அளவினர், அனைவரும் பிரிட்டிஷார் என்றும் குறிப்பிடுகிறார். எதிர்ப்படைக்குத் தலைவன் தம்பி ஜாக். ஆனால் அண்ணன் விதித்த உடன்படிக்கையின்படி, தம்பி வெள்ளையரல்லாத வீரர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பீரங்கி கூடாது. அவ்வணிவகுப்பைப் பார்வையிட்ட தந்தை, படையில் சேர விருப்பமா என்று வினவ, சிறுவன் ஆம் என்றான். அவ்வொரு சொல்லால் தம் வாழ்க்கையின் திசை மாறியது என்று சர்ச்சில் எழுதுகிறார்.

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட இச்செய்தியை நம்மவர் வேடிக்கையாக மட்டும் படிக்க இயலாது. அதே காலத்தில் உலகின் உண்மையான களங்களிலும் அதே உடன்படிக்கைதானே நடைமுறையில் இருந்தது! சூடானிலும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலும் ஈட்டியும் வாளும் ஏந்திய மக்கள் எந்திரத் துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்பட்டனர். 1898-ஆம் ஆண்டு ஓம்துர்மானில் நிகழ்ந்த போரில் சர்ச்சிலே கலந்துகொண்டார். அங்கே ஒரு காலைப் பொழுதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூடானியர் மடிந்தனர். பிரிட்டிஷ், எகிப்தியப் படைகளில் இறந்தவர் ஐம்பதின்மர் அளவே. தரையில் விளையாடிய ஆட்டத்தின் விதியும் மணலில் நடந்த போரின் விதியும் ஒன்றாயிருந்தன.

சர்ச்சில் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியிற் சேர்ந்த அதே 1893-ஆம் ஆண்டில், இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் பொம்மைத் தொழிலில் ஒரு புதுமை செய்தார். அச்சில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி, வெளிப்புறம் உறைந்தவுடன் உள்ளிருக்கும் நீர்மத்தைத் திருப்பிக் கொட்டிவிட்டால் உட்கூடான வீரன் கிடைப்பான். உலோகம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. ஜெர்மானியர் ஆண்டுவந்த சந்தையை இந்த உத்தியால் பிரிட்டன் நிறுவனம் வென்றது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள இவ்வீரர்கள் பட்டாளத்துக்குப் பட்டாளம் சீருடை வேறுபாட்டோடு வெளிவந்தனர்.

அவ்வரிசையில் நம் நாட்டவரும் உண்டு. வங்காளக் குதிரைப்படையினரோடு சென்னைக் காலாட்படையினரும் 1890-களில் வார்க்கப்பட்டு, சிவப்பு நிறப் பெட்டிகளில் உலகைச் சுற்றினர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பட்டாளத்திற் சேர்ந்த எளிய மக்கள், இந்துக்களும் முஸ்லிம்களும், ஆங்கிலச் சிறுவரின் கைகளில் ஈய உருவினராய்த் திகழ்ந்தனர். ஆயின் அவர்கள் நின்றது பெட்டிக்கு உரியவனின் அணியில். திப்பு சுல்தானின் படையினராகவோ, 1806-இல் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களாகவோ அல்லர்.

இவ்விளையாட்டின் தத்துவத்தை ஆராய்ந்தவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவர் 1913-இல் 'சின்னப் போர்கள்' என்னும் நூலை வெளியிட்டுப் பொம்மைப் போருக்குத் திட்டமான விதிகள் வகுத்தார். இருபுறமும் சமமான படை, சமமான பீரங்கி என்பது அவர் காட்டிய நெறி. சர்ச்சிலின் உடன்படிக்கைக்கு இது நேர்மாறு. மெய்ப்போர் எத்தகைய மடமை என்பதைத் தளபதிகள் சின்னப் போர் ஆடிப் பார்த்தால் உணர்வர் என்பது அவர்தம் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அவர் சொல்லைக் கேட்டவர் இலர்.

பிளாஸ்டிக்கின் வருகை

பொம்மைச் சிப்பாயைச் செல்வர் வீட்டிலிருந்து எளியோர் வீட்டுக்குக் கொண்டுவந்தது பிளாஸ்டிக். அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டளவிலேயே பிளாஸ்டிக் வீரர்கள் தோன்றிவிட்டனர். ஆயினும் புரட்சியை விளைத்த பொருள் பாலிதீன். 1933-இல் இங்கிலாந்தின் வேதியியலாரால் கண்டறியப்பட்ட அப்பொருள், இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. போர் முடிந்ததும் வாளியாகவும் குப்பியாகவும் பொம்மையாகவும் வீடுகளுக்குள் நுழைந்தது. போருக்குத் துணைநின்ற பொருளே போரின் பொம்மையாக உருமாறியது காலத்தின் விந்தை.

ஆக்கும் முறையும் எளிது. பிளாஸ்டிக் மணிகளைச் சூடேற்றி இளக்கி, பேரழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, குளிர்ந்ததும் தள்ளிவிடுவர். அச்சைச் செதுக்கப் பெரும்பொருள் வேண்டும். செதுக்கிய பின்னரோ இலட்சக்கணக்கில் வார்க்கலாம். இப்பொருளாதாரமே பெட்டிக்குள் எவர் இருப்பர் என்பதைத் தீர்மானித்தது. பெருந்தொகையில் விற்கும் என்று உறுதியானாலன்றி எந்நிறுவனமும் புதிய அச்சுக்குச் செலவிடாது. சிறுவர் திரைப்படத்திற் கண்ட வீரர்களையே கேட்டனர். நிறுவனங்கள் அவர்களையே வார்த்தன. அறியப்படாத மக்கள் அறியப்படாதவராகவே நின்றனர்.

நிக்கலஸ் கோவ் என்னும் ஹங்கேரியர் 1939-இல் இங்கிலாந்தில் நிறுவிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1959-இல் அரண்மனைக் காவற்படையின் இசைக்குழுவை இரண்டு சென்டிமீட்டர் அளவேயுள்ள உருவங்களாக வெளியிட்டது. தொடர்ந்து உரோமர், பழம் பிரிட்டானியர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இருபடைகள் என வரிசை நீண்டது. கைச்செலவுக் காசைச் சேர்த்து ஒரு சிறுவன் வாங்கக்கூடிய விலையில் நாற்பது, ஐம்பது வீரர்கள் ஒரு பெட்டியில் கிடைத்தனர். ஈயம் நச்சுப்பொருள் என்பது உணரப்பட்டு விதிகள் கடுமையானபோது, பிரிட்டன் நிறுவனமும் 1966-இல் ஈய வீரர்களைக் கைவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு முற்றிலும் மாறியது.

1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது பிளாஸ்டிக்கின் விலையும் ஏறியது. வியத்நாம் போரின் கொடுமைகளைக் கண்ட அமெரிக்கப் பெற்றோர் பலர் போர்ப் பொம்மைகளை வெறுத்தனர். 1981-இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்தது. அதன் அச்சுகள் கைமாறி, இன்று வேறொரு நிறுவனத்தின் உடைமையாய் உள்ளன. சிறுவர் விலகிச் சென்ற அவ்வேளையில், முன்னாள் சிறுவர்களாகிய சேகரிப்போர் அப்பெட்டிகளைத் தேடி வந்தனர்.

ஏர்ஃபிக்ஸின் வரிசையில் வாட்டர்லூவும் உண்டு. ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரரும் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படையும் முதலில் வந்தனர். பீரங்கிப் படைகளும் காவற்படையும் தொடர்ந்தன. பிரஷ்யர் வந்தது பல ஆண்டுகள் கழித்து, 1970-களின் பிற்பகுதியில். சைபோர்னின் மாதிரியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பிளாஸ்டிக் களத்துக்கும் காலந்தாழ்த்தே வந்து சேர்ந்தனர்.

பெயரில்லாத எதிரி

இனி நம் வாசகர்கள் இயல்பாகவே கேட்கக்கூடிய வினாவுக்கு வருவோம். இப்பெட்டிகளில் கீழைநாட்டு மக்கள், குறிப்பாக முஸ்லிம் மக்கள், எவ்வாறு இடம்பெற்றனர்?

1960-களில் ஏர்ஃபிக்ஸ் இரு பெட்டிகளை இணையாக வெளியிட்டது. ஒன்று, பிரெஞ்சு அயல்நாட்டவர் படை. மற்றொன்று, அரபுகள். முதற்பெட்டியில் இருப்பது வரலாற்றில் இன்ன ஆண்டில் தோன்றியது, இன்ன களங்களில் நின்றது எனச் சொல்லத்தக்க ஒரு படை. இரண்டாம் பெட்டியில் இருப்பவர் எவர்? அல்ஜீரியாவில் 1830-களிலும் 1840-களிலும் பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற அமீர் அப்துல் காதிரின் வீரர்களா? மொராக்கோவின் ரீஃப் மலைகளில் 1920-களில் போரிட்ட அப்துல் கரீமின் தோழர்களா? பெட்டி விடை கூறவில்லை. ஒட்டகமும் குதிரையும் நீண்ட அங்கியும் உண்டு. நாடு இல்லை, ஆண்டு இல்லை, தலைவன் இல்லை.

1980-களில் இத்தாலிய நிறுவனம் ஒன்று, ஆங்கிலேயரின் குடியேற்ற நாட்டுப் போர்களைக் குறித்த வரிசையில் 'முஸ்லிம் போர்வீரர்' என்னும் பெயரில் ஒரு பெட்டியை வெளியிட்டது. எதிர்நின்ற பிரிட்டிஷ் வீரர்க்குப் படையின் பெயர் உண்டு. இவர்க்கோ மார்க்கத்தின் பெயரே படையின் பெயர். கிறிஸ்தவப் போர்வீரர் என்று எழுதி, அதனுள் ஆங்கிலேயரையும் உருசியரையும் ஒருங்கே அடைத்து எவரேனும் விற்பரா என்று எண்ணிப் பாருங்கள்.

சிலுவைப் போர்க் காலத்துக்கும் இதே நிலைதான். இடைக்கால ஐரோப்பிய வீரர்களை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் வார்த்தன. எதிரணிக்கு 'சாரசனியர்' என்னும் பெயரே பெரிதும் வழங்கியது. அது ஐரோப்பியர் சூட்டிய பெயர். அப்படையினர் தம்மை அவ்வாறு அழைத்துக் கொண்டதில்லை. 1187-இல் ஹித்தீன் களத்தில் வென்ற சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபி குர்து இனத்தவர். அவருடைய படையில் குர்துகளும் துருக்கியரும் அரபுகளும் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆயுதமும் அணியும் போர்முறையும் இருந்தன. ஒரே அச்சில் ஓருருவாக வார்த்தபோது இத்தனை வேறுபாடுகளும் கரைந்து போயின.

முதல் உலகப் போருக்கென ஏர்ஃபிக்ஸ் வார்த்த காலாட்படைகள் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், அமெரிக்கப் படைகளே. கல்லிப்போலியில் 1915-இல் தம் மண்ணைக் காத்து நின்ற துருக்கியர்க்கு அவ்வரிசையில் இடமில்லை.

இவ்வாறு கூறுவதால், பெயர் மறுத்தல் ஒரு சாராரின் குணம் மட்டுமே என்று எவரும் கொள்ளவேண்டா. மைசூரில் செய்யப்பட்ட ஒரு பொம்மையை நோக்குவோம். ஐரோப்பியச் சிப்பாய் ஒருவனைக் கீழே வீழ்த்தி அவன் கழுத்தைக் கவ்வும் மரப்புலி அது. 178 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் உடலுக்குள் இசைக்கருவி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். வீழ்ந்தவன் கை உயர்ந்து தாழும். அவன் முனகல் கேட்கும். திப்பு சுல்தானுக்கு உரியதான அப்பொருளை, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் எடுத்துச் சென்றனர். இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அது, பின்னர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. புலியின் கீழ்க் கிடக்கும் அம்மரச் சிப்பாய்க்கும் பெயரில்லை, பட்டாளமும் இல்லை. அச்சு எவர் கையில் இருக்கிறதோ, அவர் தம் எதிரியைப் பெயரற்றவனாகவே வார்க்கிறார். கீழ்த்திசை என்றாலும் மேல்த்திசை என்றாலும் இது மனித இயல்பு.

சேகரிப்போர் ஆற்றிய தொண்டு

இக்குறையை முதலில் உணர்ந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர்; சேகரிப்போரே. இங்கிலாந்தில் 1935-இல் மாதிரிச் சிப்பாய்ச் சங்கம் நிறுவப்பட்டது. 1962-இல் டொனால்டு ஃபெதர்ஸ்டோன் எழுதிய நூல், பொம்மைப் படைகளைக் கொண்டு பழம்போர்களை மீட்டாடும் வழக்கத்தைப் பெரிதும் பரப்பியது. ஒரு களத்தை மேசைமேல் அமைக்க வேண்டுமாயின் இருபுறமும் வேண்டும். வெற்றி பெற்றவனை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் போரையும் ஆட இயலாது. இந்த எளிய தேவையே அவர்களை நூலகங்களுக்கு அனுப்பியது. எதிரணியின் கொடி என்ன நிறம், தலைப்பாகை எவ்வாறு சுற்றப்பட்டது, வில்லாளர் எத்தனை பேர் என அவர்கள் தேடலாயினர்.

கடையில் கிடைக்காத படையைத் தாமே செய்துகொண்டனர். ஒருவனின் தலையைக் கூரிய கத்தியால் நீக்கி மற்றொருவனின் உடலில் ஊசி முனையால் இணைப்பர். சூடேற்றிய கத்தியால் கையை வளைப்பர். மெழுகுக் கலவையால் அங்கியை நீட்டுவர். பாலிதீனில் வண்ணம் எளிதில் ஒட்டாது. ஆகவே சவர்க்கார நீரில் கழுவி, மெல்லிய பசை பூசி உலர்த்திய பின்னரே வண்ணந்தீட்டுவர். வண்ணத்திலும் ஒரு நீதி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினர். நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்த பெட்டியில் அவர்களை எவரும் தனித்துக் கண்டதில்லை. சேகரிப்போன் ஒருவனின் தூரிகை முகத்தில் கருநிறத்தைத் தீட்டியபோது, அவர்கள் அணியில் மீண்டும் வந்து நின்றனர்.

1990-களுக்குப் பின் நிலைமை மாறி வருகிறது. அமெரிக்காவிலும் உருசியாவிலும் உக்ரைனிலும் தோன்றிய புதிய நிறுவனங்கள், சேகரிப்போரின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்து, முன்பு எவரும் வார்க்காத படைகளை வார்த்தன. உதுமானியரின் ஜானிசாரிகள் அவர்களுக்குரிய பெயரோடு வந்தனர். அந்தலூசியாவின் குதிரை வீரரும், மராக்கிஷிலிருந்து கடல்கடந்து வந்த முராபித்துகளும் பெட்டிகளில் இடம்பெற்றனர். கேட்போர் கேட்டதால் அச்சு மாறியது.

இன்னும் மாறாத குறை ஒன்றுண்டு. பெட்டியிலுள்ளோரில் பெரும்பாலோர் ஓடுவர், சுடுவர், வாளோங்குவர்; வீழ்ந்து கிடப்போர் மிகச் சிலர். காயமுற்றோரைத் தூக்குவோரும், குழி தோண்டுவோரும், வயலிழந்த உழவரும், வாயிலில் காத்திருக்கும் தாயரும் ஏறக்குறைய இல்லை. வாட்டர்லூவில் ஒரே நாளில் இறந்தவரும் காயமுற்றவரும் ஏறத்தாழ 50,000 பேர் என்பதைப் பெட்டி சொல்லாது. முதிர்ந்த சேகரிப்போர் சிலர் தம் களங்களில் மருத்துவக் கூடாரத்தையும் எரிந்த பண்ணையையும் அமைப்பது இக்குறையை நிறைக்கவே.

பிளாஸ்டிக்குக்கும் மூப்பு உண்டு. வெயில் பட்டாலும், ஆண்டுகள் பல சென்றாலும், பழைய பாலிதீன் வீரர்கள் நெகிழ்வை இழந்து, தொட்ட மாத்திரத்தில் ஒடிவர். ஈய வீரர்களோ ஓக் மரப் பேழையில் வைத்தால் அம்மரத்தின் அமில ஆவியால் வெண்பொடியாய் உதிர்வர். அழியாதவை என்று நாம் எண்ணிய பொருள்களும் காலத்தின் முன் தலைவணங்கவே செய்கின்றன. எஞ்சி நிற்பது அப்பொருள்களைப் பற்றி நாம் எழுப்பிய வினாக்களும் அவற்றுக்குத் தேடிக் கண்ட விடைகளுமே.

நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளிலும் இன்று பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் உள்ளனர். அவற்றைப் பறித்தெறிய வேண்டுவதில்லை. அருகே அமர்ந்து, இவர்கள் யாரோடு போரிடுகிறார்கள், அவர்களுக்கு என்ன பெயர், அவர்களுடைய ஊர் எது, அவர்களும் பீரங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் போதும். விடை தெரியாத பிள்ளை நூலைத் தேடும். தேடிக் கண்ட பிள்ளை, பெட்டியில் இடம்பெறாத படைக்கும் தரையில் ஓரிடம் ஒதுக்கும். பின்னாளில் அப்பிள்ளை வரலாற்று நூலொன்றைத் திறக்கும்போது, அதில் எழுதப்பட்டவர்களோடு எழுதப்படாதவர்களையும் தேடும் கண்ணும் அதற்கு வாய்த்திருக்கும்.